பெட்ரோல் இருக்கா?

ஓடிக்கொண்டிருக்கிற வண்டி திடீரென்று ஆஃப் ஆனால் முதலில் காதில் விழுவது டயர் உருளும் சத்தம். அதுவரை என்ஜின் இரைச்சலுக்கு அடியில் கிடந்த அந்தக் கரகரப்பு மேலே வந்து, கொஞ்ச தூரம் கூடவே ஓடி, தேய்ந்து அடங்கியதும், எங்கோ வயலில் ஓடுகிற பம்புசெட்டின் சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். போன வைகாசியில் ஒரு மத்தியான வேளை, உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில், மாகறலை நெருங்குகிற இடத்தில் இந்த இரண்டும் இதே வரிசையில் எனக்குக் கேட்டன. கேட்ட மாத்திரத்தில் நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பின்னால் போய் விழுந்தேன். அதே சாலையில், ஏறக்குறைய அதே இடத்தில், பத்தொன்பது வயதில் இதே சத்தங்களை ஒரு கோடை முழுக்கக் கேட்டவன் நான்.

உங்களுக்கும் இப்படி ஒரு வண்டி இருந்திருக்கும். காராக இல்லாவிட்டால் ஸ்கூட்டராக இருந்திருக்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, பெட்ரோல் கார்ப்பரேட்டருக்கு வழிய நேரம் கொடுத்து, இடுப்பில் குழந்தையோடு இறங்கி நிற்கிற மனைவியின் முகத்தைப் பார்க்காமல் உதை உதை என்று உதைத்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது பிரீமியர் பத்மினி. அப்பா நெல் மண்டி வைத்திருந்தார். புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் என்பதால், 1979-இல் காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார். இத்தாலியின் ஃபியட் 1100-இன் வாரிசு, பம்பாயில் செய்தது, 1089 சி.சி., கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அது என்று பின்னால்தான் எங்கோ படித்தேன். எங்கள் தெருவில் யாருக்கும் அந்தக் குழப்பமே இல்லை: தில்லானா மோகனாம்பாளில் ஆடிய பத்மினிதான், வேறு யார்? ஆகவே வண்டி வழியில் நின்ற செய்தி ஊருக்குள் வந்து சேரும்போதெல்லாம், ‘என்ன, பத்மினி ஆட்டத்த நிறுத்திட்டாளா?’ என்று அப்பாவைக் கேட்பது ஊர்க்காரர்களின் உரிமையாகிவிட்டது. (இப்போது இந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் இளைஞர்கள் 2014-இல் வந்த ‘பண்ணையாரும் பத்மினியும்’ படத்தைச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் பண்ணையார் கிடையாது. பத்மினி மட்டும்தான்.)

1981 கோடையில் அது நிற்க ஆரம்பித்தது. ஒரேயடியாக நின்றிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். இது தனக்குத் தோன்றியபோது நிற்கும், பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காதது மாதிரி கிளம்பும். மண்டிக்கும் வீட்டுக்கும் நடுவே நாள் முழுக்க ஓட்டினாலும் நிற்காது. ஷெட்டில் நிறுத்தி அரை மணி நேரம் ஓட விட்டால் காஞ்சிபுரத்துத் தறி மாதிரி ஒரே தாளத்தில் ஓடும். மறுநாள் கல்யாணத்துக்கு என்று கிளம்பினால் மாகறல் வருவதற்குள் டயர் சத்தம், பம்புசெட்டு. மாகறல் கோயில் தலபுராணத்தில் ஒரு பொன் உடும்பு உண்டு. ராஜா துரத்தத் துரத்த ஓடிப் போய்ப் புற்றுக்குள் மறைந்து, அங்கேயே லிங்கமாக வெளிப்பட்டதாகச் சொல்வார்கள். மூலவர் இன்றைக்கும் உடும்பின் வால் மாதிரிதான் இருப்பார். எங்கள் வண்டியின் கோளாறும் அதே ஊர் வழக்கப்படி நடந்துகொண்டது. வால் தெரியும், பிடிக்கப் போனால் புற்று.

அந்தக் காலத்தில் சாலையோரமாக பானெட்டைத் திறந்து வைப்பது என்பது கடை திறப்பது மாதிரி. ஐந்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். பால் கேன் கட்டிய சைக்கிள்காரர் காலை ஊன்றி நிற்பார், கட்டுவண்டிக்காரர் மாட்டை ஓரம் கட்டுவார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாத்தியார் வருவார், செங்கல் ஏற்றிய லாரி புழுதியோடு வந்து நிற்கும். எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘பெட்ரோல் இருக்கா?’ டேஷ்போர்டு முள் சொல்வதை யாரும் நம்புவதில்லை, அப்பா உள்பட. அவர் பின்னால் போய் டாங்க் மூடியைத் திருகித் திறந்து, ஒரு வேப்பங்குச்சியை விட்டு எடுத்து, நனைந்த அளவை எல்லாருக்கும் காட்டுவார். இருக்கிறது. அதன் பிறகுதான் சபை கூடும்.

லாரி டிரைவர் சொல்வார்: ஏ.சி. பம்பு சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி லைனை அடைச்சிக்குது, ஈரத்துணி போடுங்க. வாத்தியார், காயில் என்பார். பால்காரருக்குப் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்பதில் ஐயமே இல்லை. பின்சீட்டிலிருந்து அத்தை, எதிர்வீட்டுக்காரியின் கண் என்பாள். அவள் பையில் எலுமிச்சம்பழம் தயாராக இருக்கும். பம்புக்குத் துணி சுற்றி, காயில் ஒயரை அசைத்துச் செருகி, பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, அப்பா செல்ப் போட்டால் வண்டி கிளம்பிவிடும். ஆளுக்கொரு வெற்றியோடு அவரவர் வழியில் போவார்கள்.

ஏ.சி. பம்பு என்றால் இன்றைய பிள்ளைகள் குளிர்சாதனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆல்பர்ட் சாம்பியன் என்கிறவர் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கம்பெனிக்கு வைத்தார், அது பம்பின் மேல் ஒட்டிக்கொண்டு எங்கள் ஊர் வரை வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரை எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் இன்றைக்கும் ‘டெல்கோ’ என்பார்கள். அதுவும் கம்பெனி பெயர்தான். பானெட்டுக்கு அடியில் எங்கள் தமிழ் அப்படி வளர்ந்தது.

அந்தச் சபையில் பேச எனக்குத் தகுதி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் ஊரான உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டியவை, குடவோலை முறையை விவரமாகச் சொல்கின்றன. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, தகுதியானவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுபிள்ளை ஒருவனை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று அமைத்திருக்கிறார்கள். இரண்டாவது கல்வெட்டின்படி 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு அப்போது பத்தொன்பது. ஆனால் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. பராந்தகனையே கார்ப்பரேட்டர் விஷயத்தில் திருத்தக்கூடிய வயது அது.

பாயிண்ட் என்று தீர்ப்புச் சொன்னேன். டெல்கோ மூடியைக் கழற்றி, தீப்பெட்டியின் மருந்துப் பட்டையால் பாயிண்டைத் தேய்த்து, ஃபில்லர் கேஜை (சரியான பெயர் ஃபீலர் கேஜ் என்பதை அந்த வருடம்தான் கற்றிருந்தேன், அதை எல்லாருக்கும் சொல்லியும் திரிந்தேன்) நடுவில் விட்டுப் பார்த்து, சட்டையில் கிரீஸ் படும்படியாகவே வேலை செய்தேன். ஒரு வாரம் வண்டி நிற்கவில்லை. அத்தை எனக்குத் திருஷ்டி கழித்தாள். எட்டாம் நாள் நின்றது. கண்டென்சரை மாற்றினேன், பத்து நாள் ஓடியது. காயிலை மாற்றினேன்; நாலு நாள். அப்பா ஒவ்வொரு பில்லுக்கும் மண்டி கல்லாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து லிட்டர் போட்டால் ஓடுகிற வண்டி, டாங்க் நிறையப் போட்டால் நிற்கிறது. ஆக, மொத்தமாக வாங்குகிறவனுக்குத்தான் பங்க்காரன் கலப்படம் செய்கிறான்! நெல் வியாபாரியின் புத்தி வேறெப்படிப் போகும்? அந்த பங்க்கை அன்றோடு விட்டார்.

கடைசியில் பாயிடம் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. அவர் பெயர் ஊரில் பலருக்குத் தெரியாது, பாய் என்றால் அவர்தான். பானெட்டைத் திறக்கப் போன என்னைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு டீ சொன்னார். பிறகு, வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி, கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

‘எப்பத்திலேர்ந்து மொதலாளி?’

‘பங்குனி கடைசியில.’

‘அதுக்கு முன்னாடி வண்டியில என்ன கை வச்சீங்க?’

‘ஒண்ணுமில்லையே’ என்று அப்பா என்னைப் பார்த்தார். நானும் ஒன்றுமில்லை என்றேன்.

‘எவ்ளோ தூரத்துல நிக்குது? எவ்ளோ பெட்ரோல் போட்டிருந்தீங்க? நின்ன ஒடனே என்ன செய்றீங்க, வரிசையா சொல்லுங்க.’

அப்பா வரிசையாகச் சொன்னார்: இறங்குவது, பானெட், பெட்ரோல் பார்ப்பது, துணி, ஒயர், எலுமிச்சம்பழம். பாய் டீயை முடித்தார். டாங்க் நிரப்பிக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: வண்டி நின்றால் யாரும் எதையும் தொடக்கூடாது.

மறுநாள் மாகறலுக்கு இந்தப் பக்கம் நின்றது. பாய் இறங்கவே இல்லை. பத்து நிமிடம் ஆகட்டும் என்றார். வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்திருந்தார், எனக்கும் கொடுத்தார். ஒரு லாரி வந்து நின்று, ‘பெட்ரோல் இருக்கா?’ என்றது. பாய் அப்பாவிடம், ‘இவருதான் இத்தினி நாளா ஒங்க வண்டிய ரிப்பேர் பண்ணிட்டிருந்தது’ என்றார். யாருக்கும் விளங்கவில்லை. பத்து நிமிடம் ஆனதும் செல்ப் போடச் சொன்னார். கிளம்பவில்லை. கால் மணி. கிளம்பவில்லை. முதல் தடவையாக, காத்திருந்தும் கிளம்பவில்லை. பிறகு இறங்கிப் பின்னால் போய், எங்களைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, டாங்க் மூடியை மெல்லத் திருகினார்.

உஸ்ஸ் என்று நீளமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று.

‘இப்பப் போடுங்க.’ செல்ப் நாலு சுற்றுச் சுற்றியது, என்ஜின் பிடித்துக்கொண்டது.

எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும். இது மளிகைக் கடைப் பையனுக்குத் தெரியும். பெட்ரோல் குறையக் குறைய டாங்க்குக்குள் காற்று போக வேண்டும், அதற்காகத்தான் மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அது அடைபட்டால் உள்ளே வெற்றிடம் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பம்பு இழுத்தாலும் பெட்ரோல் வராது. டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம், சீக்கிரமே இழுபறி வந்துவிடும். பாதிக்குக் கீழே இருந்தால் காற்று நிறைய, தாக்குப் பிடிக்கும். குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திறந்தபோதெல்லாம் நோய் தீர்ந்திருக்கிறது. பெயர் துணிக்கும் காயிலுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் போயிருக்கிறது.

பாய் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார்.

அது 501 பார் சோப். பங்குனியில் அப்பா பெட்ரோல் விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்த ஒரு நாள், மூடியில் அந்தத் துளையைக் கண்டுபிடித்தேன். டாங்க் பக்கம் பெட்ரோல் வாசனை அடிப்பதையும் அதையும் சேர்த்து, ஆவியாகப் பறந்துபோகிற பணம் என்று முடிவு கட்டி, பழைய சைக்கிள் டியூபில் வாஷர் வெட்டிப் போட்டு மூடியை இறுக்கி, சோப்பைப் பிசைந்து துளையை அடைத்து, மைலேஜ் கூடியதும் அப்பாவிடம் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று இருந்தேன். நிஜமாகவே அதை மறந்துபோனேனா, பாயின் கேள்விக்குப் பயந்து மறந்தேனா என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது.

‘தூசி அடைச்சிருக்கு மொதலாளி’ என்றார் பாய். ஊக்கு ஒன்றை வாங்கித் துளையைக் குத்தி விட்டார். வாஷரைச் சத்தமில்லாமல் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பத்து ரூபாய் வாங்கினார்.

பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது என்றும் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. அப்பாவிடம் நான் கணக்குக் காட்டவே இல்லை. 2003-இல் போய்ச் சேரும்வரை அவர் அந்த பங்க்கில் ஒரு லிட்டர் போடவில்லை. பாவம், அந்தப் பங்க்காரர் நல்ல மனிதர்.

அதன் பிறகு பத்மினி எங்கும் நிற்கவில்லை. எல்லா இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா வீட்டில் என்னோடு பேசியது குறைவு. தன் அப்பாவோடு மாட்டு வண்டியில் இதே வழியே போனது, வயிரமேக தடாகம் என்று கல்வெட்டு சொல்லும் எங்கள் ஊர்ப் பெரிய ஏரி கடைபோன வருடம், அம்மாவைப் பெண் பார்க்கப் போன கதை, எல்லாம் வண்டி நின்ற இடங்களில் வேப்பங்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னவை. ஓடுகிற வண்டியில் அவர் ரோட்டைப் பார்ப்பார், நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

நிற்க. வண்டிகள் நின்ற கதையிலிருந்து வண்டிகள் பிறந்த கதைக்கு வருகிறேன். அப்போது உத்திரமேரூர் செங்கல்பட்டு மாவட்டம். 1997-இல் காஞ்சிபுரம் மாவட்டமாயிற்று. 2019-இல் செங்கல்பட்டு தனியே பிரிந்து போயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க மாவட்டங்கள் நகர்ந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது; கார்ப்பரேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சுகிற பெட்ரோல். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். இன்றைக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், நாளைக்கு உலகத்தில் எங்கெங்கோ ஓடப்போகிற கார்களை முடுக்கிவிட்டு வருகிறார்கள். கார் வாங்க வருடக்கணக்கில் காத்திருந்த ஜில்லாவில் இப்போது நிமிடக் கணக்கில் கார் பிறக்கிறது.

அப்படியொரு காலத்தில், பதினாறு வயதான என் சின்னக் கார் மாகறல் பக்கத்தில் நின்றது. பழக்கத்தில் பானெட்டைத் திறந்தேன். கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருந்தது. அதன் மேல் கைவைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தேன். பைக்குகள் போயின, டிப்பர் லாரிகள் போயின, காஞ்சிபுரம் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலைகளை ஏற்றிக்கொண்டு ஏ.சி. வேன்கள் கண்ணாடியை ஏற்றியபடி போயின. இருபது நிமிடத்தில் ஒருவரும் நிறுத்தவில்லை. சபை கூடவில்லை. இப்போது எனக்கு 35-க்கு மேல், 70-க்குள். தகுதி வந்த காலத்தில் வாரியமே கலைந்துவிட்டது.

கூட வந்திருந்த அண்ணன் மகன் ஸ்டியரிங்குக்கு அடியில் தீப்பெட்டி அளவு ஒன்றைச் செருகி செல்போனில் பார்த்தான். ‘எரர் கோடு எதுவும் இல்ல சித்தப்பா, வண்டி நல்லா இருக்குன்னுதான் காட்டுது’ என்றான். நின்ற வண்டியில் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொன்னான். பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் விட்டேன். கம்ப்யூட்டர் பார்த்தது, கோளாறு இல்லை என்றது, வண்டியைக் கழுவி டேஷ்போர்டுக்கு மினுக்கு எண்ணெய் தடவிக் கொடுத்தார்கள். மறுபடி நின்றது. காயிலை மாற்றினார்கள். மறுபடி. பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். பில்லைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. தெரியாததை மாற்றிப் பார்ப்பது என்கிற வேலையை தீப்பெட்டிப் பட்டையோடு நான் ஏற்கெனவே செய்தவன். அவர்கள் குளிர்ந்த அறையில், சீருடையில் செய்தார்கள். எப்போது நிற்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டது பாயின் பேரன். ஐ.டி.ஐ. முடித்து, சில வருடம் ஒரகடத்துக்கு கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, அலுத்து, தாத்தாவின் வேப்பமரத்தடிக்கே திரும்பிவிட்டவன். ‘வெயில்லயா சார் நிக்குது? காலையில எடுத்தா நிக்குதா?’ என்றான். மத்தியானத்தில்தான் என்றேன். அடுத்த மத்தியானம் கூட வந்தான். நின்றதும் இறங்கி, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து ஒரு துணியை நனைத்து, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கையை விட்டு எதன் மேலோ வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். ‘இப்பப் போடுங்க.’ கிளம்பியது.

கிராங்க் சென்சார். உள்ளே சுற்றும் சக்கரத்தின் பல்லை எண்ணி, என்ஜின் சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. வயதாகிவிட்டால் சூட்டில் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். சேதி வராதபோது கம்ப்யூட்டர், என்ஜின் சுற்றவில்லை என்று எண்ணிப் பெட்ரோலையும் பொறியையும் நிறுத்திவிடுகிறது. நின்றுபோன வண்டியில் கோளாறு ஏது, ஆகவே கோடும் இல்லை. 1981-இல் ஈரத்துணி போடச் சொன்ன லாரி டிரைவர் எங்கிருந்தாலும் சரி, அவர் சொன்ன வைத்தியம் நாற்பது வருடம் தாமதமாகப் பலித்தது.

தாத்தாவின் கைராசி என்று கண் கலங்கத் தயாராக இருந்தேன். ‘இந்தத் துணி போடுறத எங்கப்பா கத்துக்கிட்ட?’ என்றேன்.

‘யூடியூப்ல சார்.’

புதுச் சென்சார் போட்டுவிட்டான். பணம் செல்போனிலேயே போயிற்று. இப்போது வண்டி நிற்பதில்லை. நானும் நேரத்துக்குப் போய்ச் சேருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது, மாகறல் சாலையில் யாராவது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றால், ஒரு நிமிடம் ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, ‘பெட்ரோல் இருக்கா?’ என்று கேளுங்கள். இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.